ஐம்பதில் ஓடிய மரியோ

உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவியொன்றில் பழைய மரியோவை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் நாற்பது வயதுக்காரர்கள், வீரமுனையில் ஆகட்டும், சம்மாந்துறையில் ஆகட்டும், கல்முனையில் ஆகட்டும், அநேகமாக ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள்: கேம் அவசரப்படுகிறது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழியில் இப்போது விழுகிறார்கள். வயது போய்விட்டது, கை முன்னைப்போல ஓடவில்லை என்று காரணத்தையும் தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். வயதில் பிழையில்லை. சிறுவயதில் அவர்கள் ஆடியதைவிட இது உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடுகிறது. ஏன் என்று தேடிப் போனால் நமது மின்சாரக் கம்பியிலும் ரூபவாஹினியிலும் தாய்வானின் சிப் தொழிற்சாலையிலும் போய் முடிகிறது.

முதலில் அந்தப் பழைய பெட்டி. நமது பகுதியில் அதற்கு ‘ரிவி கேம்’ என்றுதான் பெயர். கொழும்புக் கடைகளிலிருந்து வந்தது பாதி, மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது மீதி. பெட்டியின் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது ஒரே இயந்திரத்தின் நகல்: நின்டென்டோ நிறுவனம் 1983 யூலை 15 அன்று யப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபமிகொம். அதன் செயலி செக்கனுக்கு ஏறத்தாழ 17 இலட்சத்து 90 ஆயிரம் துடிப்பு ஓடும். வேலை நினைவகம் 2 கிலோபைட், அதாவது இந்தக் கட்டுரையின் இரண்டு மூன்று பந்திகளைக்கூட முழுதாக வைத்திருக்க முடியாத அளவு. படம் வரைவதற்குத் தனியாக ஒரு சிப். திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸும், அதே ஆண்டின் நாம்கோ டாங்கிச் சண்டையும், 1988இல் கொனாமி வெளியிட்ட கொன்ட்ராவும் இதற்குள்தான் ஓடின.

இன்று மியூ மினி, அன்பர்னிக், பவ்கிடி போன்ற கைக்கருவிகளுக்குள் அந்தச் சிப்புகள் எதுவும் கிடையாது. இருப்பது கைத்தொலைபேசியில் உள்ளதைப் போன்ற ஓர் ஆர்ம் செயலி. அதில் ஓடும் எமுலேட்டர் என்ற மென்பொருள், இல்லாத அந்த ஃபமிகொமை இருப்பதாக நடத்திக் காட்டுகிறது. பழைய செயலி 6502 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குத் தெரிந்த கட்டளை வகைகள் 56 மட்டும். கெசட்டுக்குள் இருக்கும் கேம் வெறும் எண் வரிசை. 169, 5 என்று அடுத்தடுத்து இரண்டு எண் வந்தால், ‘ஐந்தை எடுத்து ஏ என்ற பதிவகத்தில் வை’ என்று பொருள்; அந்த வேலைக்கு இரண்டு துடிப்பு செலவாகும். எமுலேட்டர் 169ஐப் படிக்கிறது, தனது அட்டவணையில் தேடுகிறது, தான் வைத்திருக்கும் ‘ஏ’ என்ற மாறியில் 5ஐப் போடுகிறது, கணக்கில் இரண்டு துடிப்பைக் கூட்டுகிறது, அடுத்த எண்ணுக்குப் போகிறது. செக்கனுக்குப் பல இலட்சம் தடவை இதுவே நடக்கிறது. ஒரு கெட்டிக்காரப் பல்கலைக்கழக மாணவர் சில வாரங்களில் எழுதிவிடக்கூடிய பகுதி இது.

கடினமான பகுதி அந்தத் துடிப்புக் கணக்கில் இருக்கிறது. ஃபமிகொமில் செயலி ஒரு துடிப்பு ஓடும் நேரத்தில் படச் சிப் திரையில் மூன்று புள்ளி நகர்ந்திருக்கும். இரண்டும் தம்பாட்டில் ஓடும். ஒன்றுக்காக மற்றது நிற்காது. அக்காலத்துக் கேம் எழுதியவர்கள் இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை நம்பியே தங்கள் வித்தைகளைச் செய்தார்கள்.

மரியோவையே எடுத்துக்கொள்வோம். மரியோ ஓட ஓட நிலமும் மலையும் பின்னால் நகர்கின்றன. ஆனால் மேலே இருக்கும் புள்ளி எண்ணிக்கையும் நேரமும் அசையாமல் நிற்கின்றன. ஃபமிகொமில் பின்னணிப் படத்தின் ஒரு பகுதியை மட்டும் நிறுத்தி வைக்க வசதி எதுவும் கிடையாது. நகர்த்தினால் முழுத் திரையும் நகரும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் வரையும்போது, மேற்பட்டை வரைந்து முடியும்வரை நகர்வு பூச்சியம். முடிந்த கணமே நகர்வை மாற்ற வேண்டும். அந்தக் கணத்தை எப்படி அறிவது? மேற்பட்டையில் உள்ள சின்ன நாணயத்தின் அடிப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாதபடி, ஸ்பிரைட் என்று சொல்லும் நகரும் உருக்களில் முதலாவதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். படச் சிப் அந்த இடத்தை வரையும்போது அந்த உருவும் பின்னணியும் ஒன்றின்மேல் ஒன்று படும். பட்டவுடன் சிப் தன் நிலைப் பதிவகத்தில் ஒரு பிட்டை 1 ஆக்கும். கேம் அதையே பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நிற்கிறது. எமுலேட்டர் அந்த மோதலைக் கணக்கிடத் தவறினால், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போலக் கேம் அங்கேயே நின்றுவிடும். ஒரு புள்ளி பிந்தினால் திரையில் ஒரு கோடு கிழிந்து ஆடும். சாதாரணமாகத் தெரியும் அந்த நாணயத்துக்கடியில் இவ்வளவு வேலை இருப்பதை அறிந்த நாளிலிருந்து என்னால் அந்தக் கேமைப் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை.

எமுலேட்டர்களின் வரலாறே இந்தத் துல்லியத்தை நோக்கிய பயணம்தான். 1997இல் வந்த நெஸ்டிகிள் அன்றைய மெதுவான கணினிகளிலும் வேகமாக ஓடியது. அதற்காகப் பல இடங்களில் ‘கிட்டத்தட்ட’ போதும் என்று விட்டது. பின்னர் பியூ என்ற புனைபெயரில் எழுதியவர் அடுத்த தலைமுறை இயந்திரமான சூப்பர் ஃபமிகொமுக்கு பிஎஸ்நெஸ் என்ற எமுலேட்டரை உருவாக்கினார். ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். 2011இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதமே, இருபதாண்டுப் பழைய பொம்மையைச் சரியாக நடத்த 3 கிகாஹேர்ட்ஸ் கணினி வேண்டும் என்பது. அவர் காட்டிய உதாரணம் ஒரு விமானக் கேம். அதில் நமது விமானத்துக்குக் கீழே ஒரு நிழல் ஓடும். ஒரு கோட்டை வரைந்துகொண்டிருக்கும்போதே நடுவில் பட அமைப்பை மாற்றி அந்த நிழலை உண்டாக்கியிருந்தார்கள். கோடு கோடாக வரையும் எமுலேட்டரில் அந்த நிழல் வரவே வராது. நிழல் இல்லாமலும் விளையாடலாம் என்பவர்கள் இருந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. நானும் அவர் பக்கம்தான்.

ஆனால் துல்லியம் என்றால் எந்த இயந்திரத்துக்குத் துல்லியம்? எமுலேட்டரை எழுதியவர்களில் பெரும்பாலானோர் முன்மாதிரியாகக் கொண்டது யப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற இயந்திரத்தை. அங்கே என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறை 525 கோடுகள் கொண்டது, செக்கனுக்கு 60 தடவை வரையும். நமது நாட்டின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தொலைக்காட்சி முறைகளை வகுத்த ஆரம்ப காலத்தில், மின்சாரத்தின் மீடிறனும் திரை வரையும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் படத்தில் அலைபோலக் கோடுகள் ஊர்ந்தன. ஆகவே 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஐரோப்பாவில் 50 தடவை வரையும், 625 கோடு முறை நிலைபெற்றது. அதன் வண்ண வடிவமே பால். இலங்கையும் அதையே ஏற்றது. 1982இல் யப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினி தொடங்கப்பட்டபோதும் அது யப்பானின் முறையில் ஒளிபரப்பவில்லை. வீட்டில் இருந்த தொலைக்காட்சியில் வண்ணம் தெரிய வேண்டுமானால் கேம் பெட்டியும் பால் முறையில் படம் அனுப்ப வேண்டும். செக்கனுக்கு 50 படம்.

நின்டென்டோ ஐரோப்பாவுக்கென்று தனியாக ஒரு வடிவம் செய்தது. அதில் செயலியின் வேகம் 1.66 மெகாஹேர்ட்ஸாகக் குறைந்தது, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் 3.2ஆக மாறியது. யப்பானியக் கெசட்டுகளில் சில அதில் ஒழுங்காக ஓடாது. அந்த நிறுவனத்துக்கு அது கவலையில்லை; ஐரோப்பாவுக்கு வேறு கெசட் விற்றது. நகல் பெட்டி செய்தவர்களின் நிலை வேறு. அவர்கள் கையில் இருந்தவை யப்பானிய, அமெரிக்கக் கேம்களின் நகல்கள். அவை அப்படியே பால் தொலைக்காட்சியில் ஓட வேண்டும். தாய்வானின் யூ.எம்.சி. நிறுவனத்தின் சிப்புகளில் இதற்குக் கிடைத்த விடையை நான் பொறியியலின் அழகான வேலைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். யப்பானிய இயந்திரம் ஒரு படத்துக்கு 262 கோடுகளை எண்ணுகிறது. ஒரு கோட்டுக்கு 341 புள்ளி. மூன்றால் வகுத்தால் ஒரு படத்துக்குச் செயலிக்குக் கிடைப்பது சுமார் 29,780 துடிப்பு. பால் முறையில் 312 கோடுகள் எண்ண வேண்டும், அதாவது 50 கோடு அதிகம். நகல் சிப்பில் செயலியை 1.773 மெகாஹேர்ட்ஸில் ஓடவிட்டு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை அப்படியே காப்பாற்றினார்கள். ஒரு படத்துக்கு 35,464 துடிப்பு. செக்கனுக்குச் சரியாக ஐம்பது படம். மீதி இருந்த சிக்கல் அந்த 50 கோடுகளை எங்கே வைப்பது என்பது. படம் வரைந்து முடிந்ததும் படச் சிப் செயலிக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அடுத்த படம் தொடங்குமுன் 20 கோட்டு அவகாசம் உண்டு. அதற்குள் கேம் திரையை மாற்றி எழுதிவிட வேண்டும். பல கேம்கள் இந்தச் சமிக்ஞையிலிருந்து துடிப்பு எண்ணித் திரையின் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று கணிக்கின்றன. கூடுதல் கோடுகளைச் சமிக்ஞைக்குப் பின்னால் வைத்தால் அந்தக் கணிப்பு முழுவதும் பிழைத்துவிடும். ஐரோப்பிய இயந்திரத்தில் அப்படித்தான் இருந்தது. நகல் சிப்பிலோ அவற்றைச் சமிக்ஞைக்கு முன்னால் வைத்தார்கள். படம் முடிந்தபின் 50 கோடு நேரம் எதுவும் நடக்காது, அதன்பின்தான் சமிக்ஞை. கேம் பார்வையில், யப்பானிய இயந்திரத்தில் எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பின் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓய்வு, அவ்வளவே.

விளைவுகளை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம், பெயர் தெரியாமல். மரியோ ஒரு படத்துக்கு இத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. படம் 60இலிருந்து 50ஆகக் குறைந்தால் அவன் ஓட்டமும் அதே அளவு குறையும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அங்கே 16.6 மில்லிசெக்கன், இங்கே 20. ஆமை வருவதைக் கண்டு பொத்தானை அழுத்த மனித நரம்புக்கு எடுக்கும் நேரம் கல்முனையிலும் கியோட்டோவிலும் ஒன்றுதான். ஆகவே நமக்குக் கேம் கொஞ்சம் இலகுவாக இருந்தது. இசையில் நடப்பது இன்னும் நுட்பமானது. எந்த நேரத்தில் எந்தச் சுரம் என்பதைக் கேம் படக் கணக்கில் தீர்மானிக்கிறது, ஆகவே தாளம் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தது. சுரத்தின் உயரத்தையோ செயலியின் துடிப்பு தீர்மானிக்கிறது. அது 1.790இலிருந்து 1.773ஆக, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் இறங்கியது. சுருதி அப்படியே நிற்க, தாளம் மட்டும் சாவகாசமாகப் போனது. ஐரோப்பியப் பிள்ளைகள் கேட்ட பல கேம்களில் சுருதியும் இறங்கியிருந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் கேட்டதில் இரண்டும் மாறவில்லை. நாம் கேட்டது மூன்றாவது ஒன்று. போதாக்குறைக்குச் சில நகல் சிப்புகளில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருந்தன, அதனால் அதே சுரம் வேறு குரலில் ஒலித்தது. 288 கோடு தெரியும் திரையில் 240 கோடு மட்டும் வந்ததால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது, மரியோ கொஞ்சம் குட்டையாக, பருமனாகத் தெரிந்தான்.

இதே வகைப் பெட்டி 1992 டிசம்பரில் ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து அங்கே ஒரு தலைமுறையை வளர்த்தது. அவர்கள் தங்கள் பெட்டியைப் பற்றி எழுதினார்கள், அளந்தார்கள், எமுலேட்டர் எழுதுபவர்களிடம் கேட்டார்கள். அதனால் மெசன், நெஸ்டோப்பியா, எஃப்சிஇயூஎம்எம் ஆகிய எமுலேட்டர்களின் பிரதேச அமைப்பில் இன்று என்டிஎஸ்சி, பால் என்பவற்றோடு டெண்டி என்றொரு தெரிவும் இருக்கிறது. கைக்கருவிகளில் பரவலாக இருக்கும் ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் எஃப்சிஇயூஎம்எம்மைத் திறந்து அதைத் தெரிவுசெய்தால், நமது வீட்டு ரிவி கேமின் வேகம் திரும்பி வரும். ஒலி வடிவங்களை இடம் மாற்றும் தெரிவும் பக்கத்திலேயே உண்டு. தானாகத் தெரிவுசெய்ய விட்டால் எமுலேட்டர் கேமின் பிறப்பிடத்தைப் பார்த்து 60ஐத் தேர்ந்துவிடும். அது கேமுக்கு உண்மையாக இருக்கிறது. அதை ஆடிய நமது வீட்டுக்கு உண்மையாக இல்லை.

தெரிவை மாற்றியவுடன் இன்னொரு தொல்லை தலைகாட்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கைக்கருவிகளின் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுவது. 50 படத்தை 60 இடத்தில் பரப்ப வேண்டும். ஐந்து படத்துக்கு ஆறு இடம். ஆகவே ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரண்டு முறை நிற்கும். மரியோ நிற்கும்போது தெரியாது. ஓடும்போது பின்னணி செக்கனுக்குப் பத்துத் தடவை மெல்லத் தடக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி தானே 50இல் வரைந்ததால் இந்தத் தடக்கல் அதில் இல்லை. மாறும் வேகத் திரை உள்ள கருவிகளில் தீர்வு உண்டு: 2022இல் வந்த ஸ்டீம் டெக்கின் முதல் வடிவத்தில் திரையை 40க்கும் 60க்கும் இடையில் வேண்டிய அளவுக்கு வைக்கலாம், 50இல் வைத்தால் நீரோட்டம்போல் போகும். ஆனால் அதன் விலை பல மடங்கு. மலிவான கருவியில் சரியான வேகமா, வழுக்கும் படமா என்று ஒன்றைத் தேர வேண்டும். நான் வேகத்தைத்தான் தேர்கிறேன்.

வியப்பான விசயம் இது: இந்தக் கருவி மின்கலத்தில் ஓடுகிறது, மின்சாரக் கம்பியோடு அதற்குத் தொடர்பே இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதும் சார்ஜ் இருக்கும்வரை ஓடியிருக்கும். ஆனாலும் அதற்குள் ஓடும் கேமைச் சரியாக நடத்த நமது மின்சாரத்தின் மீடிறன் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

பிளேஸ்டேஷன் காலத்துக் கதை வேறு. 1994இல் வந்த அந்த இயந்திரத்தின் செயலி 33.9 மெகாஹேர்ட்ஸ், கட்டளையை ஒவ்வொன்றாகப் படித்து நடத்தினால் மலிவான ஆர்ம் செயலி திணறும். ஆகவே கட்டளைகளைக் கட்டுக் கட்டாக எடுத்து ஆர்ம் கட்டளைகளாக ஒருமுறை மாற்றி வைத்துக்கொண்டு, திரும்ப வரும்போது மாற்றியதையே ஓட்டுகிறார்கள். பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற எமுலேட்டர் சிறு கருவிகளிலும் பறப்பதற்கு இந்த முறைதான் காரணம். அங்கும் 50, 60 பிரச்சினை உண்டு, ஆனால் அக்காலத்தில் வட்டுகளே இரண்டு பதிப்பாக வந்ததால் கதை எளிது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். எமுலேட்டர் எழுதுவதும் வைத்திருப்பதும் குற்றமல்ல. அமெரிக்காவில் சோனி தொடுத்த வழக்கில், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கொனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கேம் கோப்பு அப்படியல்ல. நமது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆயிரக்கணக்கான கேம்களை நிரப்பிய அட்டையோடு கருவி விற்பது உரிமை மீறல்தான், அன்றைய கெசட்டுகள் பெரும்பாலும் அப்படி இருந்தன என்பது இதற்கு நியாயமாகாது. புதிதாக எழுதி நேர்மையாக விற்கப்படும் கேம்கள் இருக்கின்றன. 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் 40 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டு, பழைய பெட்டியிலேயே ஓடுகிறது. விலை கொடுத்து வாங்கிப் பார்க்கத் தகுந்தது.

எனக்குப் பெரிய கவலை பெட்டிகளைப் பற்றியது. ரஷ்யர்கள் தங்கள் பெட்டியை அளந்து வைத்ததுபோல நமது பெட்டிகளை யாரும் அளக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் வீடுகளே போயின. வீட்டுக்குள் இருந்த பெட்டிகளை யார் நினைப்பது? தப்பியவற்றின் தகட்டை உப்புக்காற்று தின்கிறது. கடலிலிருந்து உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் பரணில் இன்னும் சில கிடக்கலாம். எல்லாம் யூ.எம்.சி. சிப் கொண்டவையாக இருக்க வேண்டியதில்லை. பிந்தியவற்றில் கறுப்புப் பிசின் துளிக்குள் எல்லாவற்றையும் ஒரே சிப்பாக அடக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் தன் வேகத்தில், தன் ஒலியில் ஓடும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. ஒரு மாணவர் குழு எமுலேட்டர் ஒன்றை முதலிலிருந்து எழுதி, நெஸ்டெஸ்ட் என்ற இலவசச் சோதனை நிரலால் சரிபார்த்து, இப்பகுதிப் பெட்டிகளின் ஒலியையும் படத்தையும் பதிந்து ஒப்பிட்டால் அது நல்லதோர் ஆய்வாகும்.

அதற்குமுன் யாரும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பெட்டி ஓடினால் மரியோவின் முதல் கட்டத்தைத் தொடங்கி, மரியோவை அசைக்காமல் அப்படியே நிற்க விடுங்கள். தொடக்கத்திலேயே நின்றால் எதிரி எதுவும் வராது. நேரம் 400இலிருந்து குறையத் தொடங்கும். அந்த நேரம் செக்கன் அல்ல; 24 படத்துக்கு ஒன்று குறையும்படி எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்தில் கைத்தொலைபேசியின் நேரமானியை அழுத்திவிட்டு, பூச்சியம் வந்து மரியோ விழும்போது நிறுத்துங்கள். 160 செக்கனுக்குக் கிட்ட வந்தால் அது 60இல் ஓடும் பெட்டி. 192க்குக் கிட்ட வந்தால் 50. பெட்டியைத் திறந்து உள்ளே உள்ள சிப்புகளின் மேல் அச்சிட்ட எண்களைப் படம் எடுத்து, வந்த செக்கனையும் சேர்த்து எழுதி வையுங்கள். பின்னர் கைக்கருவியில் டெண்டியைத் தெரிவுசெய்து அதே சோதனையைச் செய்து, இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.